பெயர் சொல்லிக் கூப்பிட்ட பல்கலைக்கழகம்

டப்ளின் கானலி நிலையத்தில் ரயிலேறினால், ராயல் கால்வாயை ஒட்டியே போய் முக்கால் மணி நேரத்தில் மேனூத்தில் இறங்கிவிடலாம். கில்டேர் மாவட்டத்தின் வட ஓரத்தில் இருக்கும் சிற்றூர். பேர்சொல்ல ஒரே ஒரு கடைத்தெரு. அதன் ஒரு கோடியில் ஃபிட்ஸ்ஜெரால்டு பிரபுக்களின் இடிந்த கோட்டை, கோட்டையை ஒட்டியே பல்கலைக்கழகத்தின் பழைய வாசல். 2003 இல் கணினி அறிவியல் ஆய்வு மாணவியாக நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, தனிப் பல்கலைக்கழகம் என்ற வகையில் அதற்கு வயது ஆறுதான். அது நிற்கும் வளாகத்துக்கோ இருநூறு வயது கடந்திருந்தது.

அந்தக் கதையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கத்தோலிக்கருக்குக் கல்வியையும் பதவியையும் மறுத்த தண்டனைச் சட்டங்கள் அயர்லாந்தில் நெடுங்காலம் இருந்தன. ஐரிஷ் இளைஞர் குருவாக வேண்டுமென்றால் பிரான்சுக்கோ ஸ்பெயினுக்கோ கப்பலேற வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியில் பிரான்சில் இருந்த கல்லூரிகள் மூடப்பட்டன. புரட்சிக் கருத்துகளோடு இளைஞர்கள் திரும்பி வருவதைவிட உள்நாட்டிலேயே படிக்கட்டும் என்று அரசும் நினைத்தது. 1795 இல் மேனூத்தில் புனித பேட்ரிக் குருமடம் எழுந்தது. 1910 இல் அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்றது. 1960களின் பிற்பகுதியில்தான் குருமாணவர் அல்லாத ஆண்களும் பெண்களும் பட்டம் படிக்க உள்ளே வந்தார்கள். 1997 இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் குருமடத்தையும் பொதுப் பல்கலைக்கழகத்தையும் இரண்டாகப் பிரித்தது. 2014 முதல் ‘மேனூத் பல்கலைக்கழகம்’ என்ற பெயரே புழக்கத்தில் இருக்கிறது.

பிரித்தது சட்டம்தான், வளாகம் இன்றும் சேர்ந்தே கிடக்கிறது. கில்காக் சாலைக்குத் தெற்கே கல் கட்டடங்கள், சதுர முற்றங்கள், வானுயர்ந்த கோபுரத்தோடு தேவாலயம், கட்டடக் கலைஞர் பியூஜின் வடிவமைத்த ரஸ்ஸல் நூலகம். சாலைக்கு வடக்கே ஆய்வகங்களும் விரிவுரை அரங்குகளும் மாணவர் விடுதிகளும். தெற்கிலிருந்து வடக்கே நடந்துபோகிறவர் பத்து நிமிடத்தில் இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்துவிடுகிறார்.

அன்று மாணவர்கள் சில ஆயிரம் பேர்தான். துறை அலுவலகத்தில் இருந்த அம்மாவுக்கு ஆய்வு மாணவர் ஒவ்வொருவருடைய பெயரும் ஊரும் தெரியும். பேராசிரியரின் அறைக்கதவு பாதி திறந்திருந்தால் போகலாம் என்று பொருள். முன்அனுமதி வாங்க வேண்டியதில்லை. ‘சார்’, ‘மேடம்’ எதுவும் இல்லை. துறைத் தலைவரையும் முதற்பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும். திருநெல்வேலியில் ஆசிரியர் வந்தால் எழுந்து நின்று பழகியவளுக்கு அது சில மாதங்கள் கூச்சமாகவே இருந்தது. ஆனால் அவர்களும் என் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது. தமிழ்ப் பெயரில் இருக்கும் ழகரத்தை வரவழைக்க ஒரு பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அந்த முயற்சியில் இருந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

ஆய்வு மாணவர்கள் இளநிலை வகுப்புகளுக்கு ஆய்வக உதவியாளர்களாகவும் இருந்தோம். அங்கேதான் அயர்லாந்தின் கல்விமுறையை உள்ளிருந்து பார்த்தேன். முதலாண்டில் கலைப் பிரிவு மாணவர் மூன்று பாடங்களையும் அறிவியல் மாணவர் நான்கு பாடங்களையும் எடுத்துப் படிக்கலாம். பிடிபட்டது எது, பிடிபடாதது எது என்று பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு குறைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வந்த சில வாரங்களில் கலந்தாய்வில் உட்கார்ந்து வாழ்நாள் தொழிலை முடிவுசெய்யும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வயதில் தனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் இருப்பது இயல்பு. அந்தத் தெரியாமைக்கு ஓராண்டு இடம் கொடுத்திருந்தது அந்தப் பாடத்திட்டம்.

மதிப்பெண்ணும் வேறு கணக்கு. எழுபது வாங்கினால் முதல் வகுப்பு. அறுபதுக்கு மேல் என்றால் இரண்டாம் வகுப்பின் மேல்நிலை. வீட்டில் விருந்து வைக்கலாம். எண்பது அபூர்வம். விரிவுரையில் சொன்னதைப் பிழையில்லாமல் திருப்பி எழுதிய விடைத்தாளுக்கு நான் தாராளமாக மதிப்பெண் போட்டபோது, பாடத்தின் பொறுப்பாசிரியர் அதை எடுத்துவைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். இவருக்குப் பாடம் தெரிந்திருக்கிறது, ஆனால் பாடத்தோடு இவர் எங்கே உரசிப் பார்த்திருக்கிறார், எங்கே தனக்கென்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் திருத்திய தாள்களை வேறொரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வெளித் தேர்வாளராக வந்து சரிபார்ப்பார். நம் மதிப்பீட்டையும் ஒருவர் மதிப்பிடுகிறார் என்ற நினைப்பு வகுப்பறைக்கே ஒரு நேர்மையைக் கொடுத்தது.

அந்த ஆய்வகத்தில் பதினெட்டு வயதுப் பையனுக்கு அடுத்த இருக்கையில் பேரன் பேத்தி எடுத்த அம்மா ஒருவர் உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். இருபத்துமூன்று வயது தாண்டியவர்கள் ‘முதிர் மாணவர்’ என்ற வழியில் சேரலாம். பள்ளியிறுதித் தேர்வின் புள்ளிகள் அவர்களுக்குத் தடை இல்லை. மேல்நிலைப் பள்ளிக் கல்வியை அயர்லாந்து இலவசமாக்கியதே 1967 இல்தான். அதற்கு முன் பள்ளியை விட்டு வேலைக்குப் போன தலைமுறை, பிள்ளைகளை வளர்த்துவிட்டு, 1996 இல் இளநிலைப் படிப்புக் கட்டணமும் நீக்கப்பட்ட பிறகு, தங்கள் முறைக்காகப் பல்கலைக்கழகம் வந்தது. அந்த அம்மா கேட்ட கேள்விகள்தான் அந்த வகுப்பில் கேட்கப்பட்ட நல்ல கேள்விகள்.

சின்ன ஊர், பெயர் தெரியாத கல்லூரி என்று வெளியே யாராவது சொன்னால் நான் இரண்டு பேரைச் சொல்லுவேன். முதலாமவர் நிக்கலஸ் காலன். பாதிரியார், இங்கே இயற்பியல் பேராசிரியர். 1836 இல் தூண்டுசுருளை இங்கேதான் உருவாக்கினார். குறைந்த மின்னழுத்தத்தை மிக உயர்ந்ததாக மாற்றும் அந்தத் தத்துவத்தின் வழித்தோன்றல்தான் பெட்ரோல் வண்டிகளில் தீப்பொறி உண்டாக்கும் இக்னிஷன் காயில். அவர் சுற்றிய சுருள்களைத் தெற்கு வளாகத்தில் உள்ள அறிவியல் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். உலகம் அந்தக் கருவிக்கு ரும்கார்ஃப் என்ற பாரிஸ் கருவியாளரின் பெயரையே நெடுநாள் வைத்திருந்தது. குருமடத்தின் மூலையில் வேலை செய்தவரை யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாமவர் கணித மேதை ஹாமில்டன். அவர் டப்ளின்காரர், மேனூத்தில் பணியாற்றியவர் அல்ல. 1843 அக்டோபர் 16 அன்று மனைவியோடு ராயல் கால்வாய்க் கரையில் நடந்துபோகையில் குவாட்டர்னியன்கள் என்னும் எண்வகைக்கான சமன்பாடு அவருக்குப் புலப்பட்டது. கையிலிருந்த கத்தியால் அதை புரூம் பாலத்தின் கல்லில் கீறினார். மேனூத்தின் கணிதத் துறை 1990 முதல் ஆண்டுதோறும் அதே நாளில், டன்சிங்க் வானாய்வகத்திலிருந்து அந்தப் பாலம் வரை நடைப்பயணம் நடத்துகிறது. பேராசிரியர், மாணவர், பள்ளிப் பிள்ளைகள், கணிதம் பிடித்த பொதுமக்கள் எல்லாரும் சேர்ந்து நடப்பார்கள். பாலத்தில் இருக்கும் நினைவுப் பலகையை 1958 இல் திறந்துவைத்தவர் அன்றைய பிரதமர் டி வெலேரா. அரசியலுக்கு வருமுன், 1912 இல், அவரே மேனூத்தில் கணிதம் கற்பித்தவர். ஒரு சமன்பாட்டுக்காக ஊர் திரண்டு நடப்பதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். கற்றலை விழாவாகக் கொண்டாட ஒரு பல்கலைக்கழகம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்று அன்று விளங்கியது.

தங்குமிடம் அன்று கவலையே இல்லை. ஊரில் பல வீடுகளில் ஓர் அறையை மாணவருக்கு விடுவார்கள். டிக்ஸ் என்பார்கள். வாடகையோடு காலை உணவும் இரவு உணவும் சேர்த்தி. நான் இருந்த வீட்டு அம்மா உருளைக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைக்கலாம் என்று எனக்குக் காட்டினார். நான் அவருக்கு ரசம் வைத்துக் கொடுத்தேன். மிளகும் பருப்பும் வாங்க டப்ளின் மூர் தெருவின் ஆசியக் கடைகளுக்குப் போக வேண்டும். ஊருக்குப் பேச ஐந்து யூரோ அழைப்பு அட்டை. வெள்ளிக்கிழமை மதியம் ஸ்லைகோ ரயிலிலும் மேற்கே போகும் பேருந்துகளிலும் ஐரிஷ் மாணவர்கள் மூட்டையோடு வீடு திரும்பிவிடுவார்கள். சனி, ஞாயிறு வளாகத்தில் மிஞ்சியது நாங்கள் சில வெளிநாட்டவரும் தெற்கு வளாகத்தின் குருமாணவர்களும்தான். அந்த இரண்டு நாள் தனிமையும் மழையும் கடினமாகவே இருந்தன. திங்கள் காலை ஆய்வகம் நிரம்பும்போது மனசும் நிரம்பும்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2023 இல், என் அண்ணன் மகள் தரவு அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு அங்கேயே போனாள். அவளைப் பார்க்கப் போனபோதுதான் வளர்ச்சியின் அளவு புரிந்தது. 2002 கணக்கெடுப்பில் பத்தாயிரம் சொச்சம் பேர் இருந்த ஊரில் 2022 கணக்கெடுப்பில் பதினேழாயிரத்துக்கு மேல். பல்கலைக்கழகத்திலோ பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். வடக்கு வளாகத்தில் கண்ணாடிச் சுவர்க் கட்டடங்கள். போப் வந்துபோன நினைவாக 1984 இல் திறக்கப்பட்ட இரண்டாம் ஜான் பால் நூலகம் பெரிதாக விரிக்கப்பட்டு, உள்ளேயே காப்பிக் கடையோடு இருக்கிறது. முதலாண்டுப் பேருரைகள் ஜான் ஹியூம் பெயர் தாங்கிய கட்டடத்தில் நடக்கின்றன. வட அயர்லாந்தின் அமைதிக்காக 1998 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். குருவாகும் எண்ணத்தோடு வந்து, ஆகாமல், பட்டத்தோடு திரும்பிய மேனூத் மாணவர். குருமாணவர்களின் எண்ணிக்கை மட்டும் மிகவும் சுருங்கிவிட்டது. ஐந்நூறு பேருக்காகக் கட்டிய முற்றங்களில் மற்ற மாணவர்களே நடக்கிறார்கள்.

இந்த வளர்ச்சியை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கதவு அகலத் திறந்தால்தான் உள்ளே வராதவர்கள் வர முடியும். குறைந்த வருமான வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் புள்ளிகளைத் தளர்த்தி இடம் தரும் திட்டங்கள் இன்று இருக்கின்றன. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு அயர்லாந்தில் வாழ்பவர்கள் 2022 கணக்கெடுப்பில் 45,000க்கு மேல். அண்ணன் மகளின் வகுப்பில் தமிழ் கேட்டது. மிளகும் பருப்பும் ஊரிலேயே கிடைக்கின்றன. நான் படித்து முடித்தபோது வேலை அனுமதி தர நிறுவனம் கிடைக்கவில்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். இன்று முதுநிலை முடித்தவர் அங்கேயே இரண்டாண்டு வரை தங்கி வேலை தேட விசா வழி இருக்கிறது. இவையெல்லாம் நல்லவை, போராடி வந்தவை.

ஒரு மாலை நூலகத்தில் உட்கார்ந்திருக்கையில் அவள் கேட்டாள்:

“அத்தை, உங்க காலத்துல புரொஃபசர் எல்லாரையும் பேர் சொல்லியா கூப்பிட்டாரு?”

“ஆமாம்மா. நாங்க கொஞ்சப் பேர்தானே.”

“எங்க கோர்ஸ்ல அத்தனை பேர். மூடில்னு ஒரு வெப்சைட்ல எல்லாம் இருக்கு. லெக்சர் ரெக்கார்டிங் இருக்கு, நோட்ஸ் இருக்கு, மார்க்கும் அதுலயே வந்துரும். ஆனா என்னை அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல.”

அவள் குறை சொல்லவில்லை. நிலவரத்தைச் சொன்னாள். 2020 மார்ச் 12 அன்று நாட்டின் கல்விக்கூடங்கள் எல்லாம் கொரோனாவுக்காக மூடப்பட்டபோது அந்தக் கணினித் திரைதான் படிப்பைக் காப்பாற்றியது. இரண்டு மணி நேரம் பேருந்தில் வரும் மாணவருக்கும், பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவருக்கும், குழந்தை வைத்திருக்கும் முதிர் மாணவருக்கும் பதிவான விரிவுரை இன்று பெரிய துணை. ஆனால் பதிவு உங்களைப் பார்க்காது. நீங்கள் எந்த வரியில் முகம் சுளித்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. நான் திருத்திய விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் கற்றுக்கொடுத்தாரே ஒருவர், அந்தக் கால் மணி நேரத்துக்கு ஈடாக எந்தப் பதிவும் இல்லை.

பெரிதான பிறகும் அந்தக் கால் மணி நேரத்தைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அங்கேயே சான்று இருக்கிறது. 2007 இல் கணிதத் துறை ஒரு கணித உதவி மையம் தொடங்கியது. கணிதம் பயில்பவர் யாரும் சொல்லிக்கொள்ளாமலே போய் உட்காரலாம். கட்டணம் இல்லை. கையில் இருக்கும் கணக்கைக் காட்டினால் ஒரு பயிற்றுநர் பக்கத்தில் வந்து உட்காருவார். விடையைச் சொல்ல மாட்டார், எங்கே தடுக்கிறது என்று கேட்பார். அண்ணன் மகளை அங்கே போகச் சொன்னேன். போனாள். இரண்டாவது வாரமே அங்கிருந்த பயிற்றுநர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததை அவளே தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னாள். முதலாண்டு மாணவருக்குச் சிந்திக்கவும் எழுதவும் பேசவும் சிறு குழுக்களில் பயிற்சி தரும் பாடமும் இப்போது இருக்கிறது. முன்பு எண்ணிக்கை குறைவால் தானாக நடந்தது, இனி திட்டமிட்டு, ஆள் போட்டு, பணம் ஒதுக்கிச் செய்தால்தான் நடக்கும். அதைச் செலவு என்று பார்க்கும் நிர்வாகம் பல்கலைக்கழகத்தின் உயிரையே சேமிப்பாகக் காட்டிவிடும்.

தங்குமிடம்தான் இன்று எல்லாவற்றையும் அரிக்கிறது. டிக்ஸ் முறை அவசரத் தேவையாகத் திரும்பி வந்திருக்கிறது. வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுபவருக்கு ஆண்டுக்கு 14,000 யூரோ வரை வருமான வரி இல்லை. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் என்று நிபந்தனை போடும் வீடுகள் பல. வெள்ளி மாலை காவனுக்கோ மேயோவுக்கோ போக வீடு உள்ளவருக்கு அது சரி. திருநெல்வேலிக்காரி எங்கே போவாள்? அண்ணன் மகள் முதல் சில வாரங்கள் அப்படி ஒரு வீட்டில் இருந்து, சனி ஞாயிறு தோழியின் அறைத் தரையில் படுத்தாள். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நாள்தோறும் வந்துபோகும் ஐரிஷ் மாணவர்களும் அவள் வகுப்பில் இருந்தார்கள். காலை ஒன்பது மணி வகுப்புக்கு விடியுமுன் கிளம்புகிறவர், மாலை ஐந்து மணிக்குப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர், பேராசிரியரின் பாதி திறந்த கதவை எப்போது தட்டுவார்? மாணவர் சங்கக் கூட்டத்துக்கு எப்போது வருவார்? வளாகத்தில் விடுதி கட்டுவதற்கான அரசு நிதி நின்றுபோன செய்தி வந்தபோது, 2023 தொடக்கத்தில், மாணவர்கள் வகுப்புகளைவிட்டு வெளியே வந்து போராடினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அறை என்பது படிப்புக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல. பாடத்திட்டத்தின் முதல் பாடமே அதுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. நான் படித்த சிறிய மேனூத்தைவிட இன்றைய மேனூத் நியாயமானது. அதிகம் பேருக்குக் கதவு திறக்கிறது, என் காலத்தில் வர முடியாதவர்கள் இன்று உள்ளே இருக்கிறார்கள். ஆனால் ஒரு மாணவரை ஓர் ஆசிரியராவது பெயரோடும் முகத்தோடும் அறிந்திருக்க வேண்டும் என்ற அந்தச் சிறிய மேனூத்தின் வழக்கம் கைவிடக்கூடியது அல்ல. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதில்தான் அதன் வருங்காலம் இருக்கிறது. முடியும் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளை அயர்லாந்துக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோரிடமும், போகக் கிளம்பும் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். நீங்கள் சேரப்போகும் படிப்பில் எத்தனை பேர், சிறு குழுப் பயிற்சி வகுப்பு உண்டா, தடுமாறும்போது போய் உட்கார இடம் உண்டா என்று ஏற்கெனவே படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். ஏழு நாளும் தங்கக்கூடிய அறை உறுதியான பிறகே விமானச் சீட்டு வாங்குங்கள். நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு பேராசிரியரின் கதவையாவது தட்டி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கூட்டம் பெருகிவிட்ட இடத்தில் முதல் அடியை நாம்தான் எடுத்துவைக்க வேண்டும்.